மிளகு: அல்சூரில் ஓர் உதவி நாய் உருவான விதம்

மிளகு ஒரு கறுப்பு லாப்ரடார், பெண். எட்டு வாரக் குட்டியாக பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு வீட்டுக்கு வந்தாள். பதினாறு மாதம் முடிந்ததும் அல்சூர் ஏரிக்குப் பக்கத்து அடுக்ககம் ஒன்றுக்கு வேலைக்குப் போனாள். யாருக்காக அவளை வளர்த்தோமோ அவருக்கு முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் போய், வீல்சேரில் இருக்கிறார். வீட்டிலிருந்தபடியே கணக்கு வேலை பார்க்கிறார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன், இங்கும் அப்படியே எழுதுகிறேன். கூடவே இருப்பவர் அக்காவின் அம்மா. குட்டியை வளர்த்தவர்கள் ஓய்வுபெற்ற ஒரு தம்பதி, எல்லோருக்கும் அங்கிள், ஆன்ட்டி. பயிற்சிப் பொறுப்பு என்னுடையது. பெயர்கள் வேண்டாம் என்று இரண்டு வீட்டிலும் சொல்லிவிட்டதால் நாயின் பெயர் மட்டும் இருக்கிறது.

என்ன வேலைக்கு?

முதல் சந்திப்பிலேயே அக்கா ஒரு பட்டியல் வைத்திருந்தார். வீடியோவில் பார்த்ததெல்லாம் அதில் இருந்தது. வீல்சேரை இழுப்பது, கடையில் பர்ஸை நீட்டுவது, ஃப்ரிட்ஜைத் திறந்து தண்ணீர் பாட்டில் எடுப்பது, லைட் சுவிட்ச், லிஃப்ட் பட்டன், வாசல் கதவு.

இதெல்லாம் நாய்கள் செய்யக்கூடியவைதான். பார்வை இழந்தவர்களுக்கு நாயைப் பழக்கும் பள்ளி ஜெர்மனியின் ஓல்டன்பர்கில் 1916இல், போரில் கண்ணிழந்த சிப்பாய்களுக்காகத் தொடங்கியது. வீல்சேரில் இருப்பவர்களுக்கு என்று கலிபோர்னியாவில் போனி பெர்கின் தொடங்கியது 1975இல். அரை நூற்றாண்டு அனுபவம் இருக்கிறது. ஆனால் அது ஒழுங்கான நடைபாதையும், தெருநாய் இல்லாத தெருவும், நாயை உள்ளே விடச் சொல்லும் சட்டமும் இருக்கும் ஊர்களில் சேர்ந்த அனுபவம். அமெரிக்காவில் கடைக்காரர் இரண்டே கேள்விதான் கேட்கலாம்: குறைபாட்டுக்காகத் தேவைப்படும் நாயா, என்ன வேலைக்குப் பழகியிருக்கிறது. நம்முடைய 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது, பொது இடங்களுக்குள் தடையில்லாமல் போய்வரும் உரிமையையும் பேசுகிறது. உதவி நாய்க்கு என்று தனியாக ஒரு வரி அதில் இல்லை. ஓட்டல் வாசலில் செக்யூரிட்டி மனசு வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

அதனால் பட்டியலை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, ஒரு வாரம் நோட்டில் குறிக்கச் சொன்னேன்: கையிலிருந்து என்ன விழுகிறது, யாரைக் கூப்பிடுகிறீர்கள். பேனா, போன், துண்டு, ரிமோட், சாவி, மாத்திரை அட்டை என்று நாளைக்குப் பத்துக்குக் குறையாமல் வந்தது. ஒவ்வொரு தடவையும் குனிந்து எடுத்தவர் அம்மா. அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்திருக்கின்றன. நாய் வேண்டவே வேண்டாம் என்று அந்த வீட்டில் ஒற்றைக்காலில் நின்றவரும் அவர்தான். நோட்டைப் பார்த்தால் முதல் பயனாளி அவராகத்தான் இருந்தார்.

நோட்டில் வராத ஒன்றை அக்காவே சொன்னார். கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாறும்போது சில நேரம் சறுக்கி உட்கார்ந்துவிடுவார். அம்மா கடைக்குப் போயிருந்தால் போன் மேசைமேல், இவர் தரையில்.

இதை வைத்து வேலையை மூன்றாகச் சுருக்கினோம். விழுந்ததை எடுத்துத் தருவது. போனைக் கொண்டுவருவது. மற்ற நேரம் பக்கத்தில் சும்மா இருப்பது. மூன்றாவதைப் பலர் வேலையாகவே எண்ணுவதில்லை. எனக்கு அதுதான் முக்கால் வேலை. சுவிட்சை முதல் நாளே பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். பெரிய நாய் சுவர்மேல் காலைத் தூக்கி வைத்து தினமும் பத்து தடவை நின்றால் இடுப்பு மூட்டுக்கு நல்லதில்லை. ஆயிரம் ரூபாய் சொச்சத்தில் போனிலேயே அணைக்கிற பிளக் கிடைக்கிறது. அது செய்யும் வேலைக்கு நாய் எதற்கு? வீல்சேரை இழுப்பதும் அப்படியே. அக்காவின் கைகள் நன்றாக இருக்கின்றன, அல்சூர் நடைபாதையில் இழுத்துக்கொண்டு போகவும் வழியில்லை.

குட்டி

2017ஆம் ஆண்டு விதிகளின்படி நாய் வளர்த்து விற்பவர் பதிவு பெற்றிருக்க வேண்டும், எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. பதிவுச் சான்றோடு தாய், தகப்பன் இரண்டின் இடுப்பு எக்ஸ்ரேயையும் காட்டுங்கள் என்று கேட்டதும் பல இடங்களில் பேச்சு நின்றுபோனது. காட்டிய ஒருவரிடம் ஆறு குட்டிகள் இருந்தன. ஏழாவது வாரத்தில் போய், எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கொஞ்சம் தள்ளித் தரையில் போட்டேன். எல்லாமே துள்ளின. துள்ளியதில் தப்பில்லை, அப்புறம் என்ன செய்கிறது என்பதுதான் கணக்கு. ஒன்று ஓடி ஒளிந்தது, இரண்டு குரைத்தன, மிளகு திரும்பி வந்து தட்டை மோந்து பார்த்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். இந்த வயதுச் சோதனையை வைத்து ஜாதகம் கணித்துவிட முடியாது. இதற்கென்றே தலைமுறை தலைமுறையாக இனப்பெருக்கம் செய்யும் நிறுவனங்களில்கூட ஏறக்குறையப் பாதி நாய்கள்தான் தேறுகின்றன. தேறாவிட்டால் வீட்டு நாயாக அங்கிளிடமே இருக்கும் என்று முன்கூட்டியே பேசி எழுதிக்கொண்டோம்.

காக்ஸ் டவுன் மாதங்கள்

குட்டி புதியதைப் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் காலம் மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்காவது வாரம் வரை. தடுப்பூசி வரிசை முடிவதோ பதினாறாவது வாரத்தில். குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் நடமாடும் ஊரில் இது பெரிய சிக்கல். ஊசி முடியும் வரை வீட்டுக்குள்ளேயே வைத்தால் உடம்பு தப்பும், மனசு தப்பாது. ஆன்ட்டி மார்க்கெட் கூடையில் பழைய புடவையை மடித்துப் போட்டு, அதில் குட்டியை வைத்துக் கையில் தூக்கிக்கொண்டே தெருவைக் காட்டினார். காய்கறி வண்டி, தண்ணீர் லாரி, பள்ளிக்கூடம் விடும் நேரம், நாகஸ்வரம், பாங்கு, கோயில் மணி. கால் தரையில் படவில்லை. மாலையில் தெருமுனையில் நின்று பார்ப்பார்கள், குட்டி திரும்பி ஆன்ட்டி முகத்தைப் பார்த்தால் வாயில் ஒரு தீனி. கொஞ்ச வந்த குழந்தைகளை அங்கிள் "அது ஸ்கூலுக்குப் போகுது கண்ணா, அப்புறம் விளையாடலாம்" என்று சொல்லி அனுப்புவார். கூடை பத்து கிலோவைத் தாங்காது என்று தெரிந்த சமயத்தில் ஊசியும் முடிந்தது.

ஆன்ட்டிக்கு ஒரு பழக்கம். குட்டி படியில் தடுமாறினால் தூக்கிவிடுவார், சிணுங்கினால் உடனே கூண்டைத் திறப்பார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 98 வழிகாட்டி நாய்க்குட்டிகளைப் பின்தொடர்ந்து 2017இல் எழுதியதை அவரிடம் சொன்னேன். தாய் நாய் அளவுக்கு மீறித் தாங்கிய குட்டிகள்தான் பிற்பாடு அதிகம் தேறாமல் போயிருக்கின்றன. படுத்துக்கொண்டு பால் கொடுத்த தாயைவிட, நின்றுகொண்டு கொடுத்து எட்டிக் குடிக்க வைத்த தாயின் குட்டிகள் தேறின. ஆன்ட்டி கேட்டுவிட்டு, "என் மாமியார் என் பிள்ளைகள் விஷயத்தில் இதைத்தான் சொன்னாங்க" என்றார். மறுநாளிலிருந்து படிப்பக்கம் வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்.

அங்கிள் வீட்டு ஹாலில் பழைய வீல்சேர் ஒன்றைக் கொண்டுவந்து போட்டோம். நாற்காலிக்குப் பதில் அதில்தான் அவர் பேப்பர் படித்தார், டிவி பார்த்தார். நகராத வீல்சேருக்குப் பக்கத்தில் படுப்பது முதல் பாடம். அரை அடி நகர்ந்தால் காலை எடுப்பது அடுத்தது. முன்சக்கரம் சின்னது, சட்டென்று திரும்பும், வால் மாட்டினால் அதற்கப்புறம் நாய் அந்தப் பக்கமே வராது. அதனால் சக்கரத்துக்கும் நாய்க்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி என்பதைக் கடைசி வரை தளர்த்தவில்லை. தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்குக் கால் தசை திடீரென்று இழுத்து உதறும். அங்கிள் பேப்பர் படித்தபடி, யாரும் எதிர்பாராத நேரத்தில், காலை உதறிக் காட்டுவார். இந்த நடிப்பில் அவருக்கு அலாதிப் பிரியம்.

குழாயும் மாத்திரையும்

இயக்கக் குறைபாடு உள்ளவருக்கான நாய்க்குக் கயிற்றை இழுக்கக் கற்றுத் தருவது எல்லா இடத்திலும் உண்டு. கதவு, டிராயர், சாக்ஸ் எல்லாம் அதை வைத்துத்தான். இங்கே ஒரு ஆபத்து இருந்தது. அக்காவின் வீல்சேர் பக்கத்தில் சிறுநீர்ப் பை தொங்கும், அதிலிருந்து குழாய். இழுக்கப் பழகிய நாய் விளையாட்டு மும்முரத்தில் அந்தக் குழாயைக் கவ்வினால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டு காரியம் செய்தோம். இழுக்கும் பொருள் என்றால் அது தடித்த மஞ்சள் பருத்திக் கயிறு மட்டும்தான். நாய்க்கு மஞ்சளும் நீலமும் நன்றாகத் தெரியும், சிவப்பும் பச்சையும் ஒன்றுபோல இருக்கும். ரப்பர், பிளாஸ்டிக், ஹோஸ் எதையும் வாயில் வைத்து விளையாட விடக்கூடாது. இதில் அடிபட்டவர் அங்கிள்தான். காலையில் செடிக்கு ஹோஸில் தண்ணீர் விடுவார், குட்டிக்கு அதைத் துரத்திக் கடிப்பதில் அப்படி ஒரு சந்தோஷம். ஹோஸைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டு ஒன்றேகால் வருஷம் வாளியில் மொண்டு ஊற்றினார். இன்னொரு பக்கம், புதுக் குழாயும் காலிப் பையும் வாங்கி ஹால் வீல்சேரில் நிரந்தரமாகத் தொங்கவிட்டோம். குழாய் ஆடும்போது அதை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்தால் "சபாஷ்", தீனி. நாலு மாதத்தில் குழாய் இருப்பதையே அவள் கண்டுகொள்ளவில்லை.

முன்னங்காலை மடியில் வைத்து எழும்பிக் கொடுப்பது பார்க்க அழகாக இருக்கும். அதையும் சொல்லித் தரவில்லை. உணர்வில்லாத தொடையில் நகம் கீறினால் அக்காவுக்குத் தெரியாது. கவனிக்காத கீறல் புண்ணாகி மாதக்கணக்கில் படுக்க வைக்கும். மிளகு முழங்கால்மேல் தாடையை மட்டும் வைப்பாள்.

மாத்திரை இதைவிடப் பெரிய கவலை. தசை இழுப்புக்கு அக்கா எடுப்பது பேக்லோஃபென். மனிதருக்கு மருந்து, நாய்க்குக் கொஞ்சம் போனாலே உயிருக்கு ஆபத்து. விழுந்ததை எல்லாம் ஓடிப்போய் எடுக்கும் நாய் இந்த அட்டையையும் எடுக்கும், கடிக்கும். எனவே வரிசையைத் தலைகீழாக்கினேன். எடுப்பதைச் சொல்லித் தருவதற்கு முன் எடுக்காமல் இருப்பதைச் சொல்லித் தந்தோம். ஒரு பொருள் விழுந்தால் அவள் நின்ற இடத்திலேயே நின்று முகத்தைப் பார்க்க வேண்டும். "எடு" என்றால்தான் அசைவு. சாவியில் தொடங்கி, பிஸ்கட், சிக்கன் துண்டு, உருளும் மாத்திரை மாதிரி சாக்பீஸ் துண்டு வரை போட்டுப் போட்டுப் பழக்கினோம். பல மாதம் பிடித்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நாய் ஒன்றுமே செய்யாமல் நிற்பது போல இருக்கும். அந்த நிற்றல் வந்த பிறகு "எடு" இரண்டே வாரத்தில் வந்துவிட்டது. மாத்திரைகள் எல்லாம் திருகு மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவுக்குப் போயின. டப்பாவுக்கு ஒரு கயிற்று வளையம். அட்டையைத் தொடும் பேச்சே கிடையாது.

கயிற்று வளையம் வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அம்மா ஒருநாள் பயிற்சி பார்க்க வந்தவர் நேராகக் கேட்டார்: "தம்பி, அது வாயில கவ்வின துண்டுலதான் இவ முகம் துடைக்கணுமா?" நியாயமான கேள்வி. வெளிநாட்டுக் கையேடுகள் எச்சிலைப் பற்றி யோசிப்பதில்லை. துண்டு, போன் உறை, சாவி, டப்பா, ரிமோட் எல்லாவற்றுக்கும் ஒரு விரல் நீளத்தில் துணிக் குஞ்சம் தைத்தோம். மிளகு குஞ்சத்தை மட்டும் பிடிப்பாள், வாரம் ஒருமுறை குஞ்சங்கள் துவைக்கப் போகும். பூஜை அறை வாசலில் ஒரு பட்டை ஒட்டி அதைத் தாண்டாமல் பழக்கியதும் அம்மாவின் எதிர்ப்பு பாதி குறைந்தது.

தெரு

தெருநாய்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரில் எந்த நாய்ப் பயிற்சியையும் எழுத முடியாது. குட்டியாக இருந்தபோது மன்னித்துவிட்ட தெருநாய்கள் ஏழெட்டு மாதத்தில் அவளை எதிரியாகப் பார்த்தன. அங்கிள் எந்த முனையில் எத்தனை மணிக்குச் சோறு வைக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, அந்த நேரத்தில் அந்தப் பக்கம் போவதைத் தவிர்த்தார். கம்பு வேண்டாம் என்றேன், மடக்குக் குடை வைத்துக்கொண்டார். எதிரே விரித்தால் போதும், பெரும்பாலானவை நின்றுவிடும்.

பத்தாவது மாதத்தில் ஒரு பின்னடைவு. விநாயகரைக் கரைக்க அல்சூர் ஏரிக்குப் போகும் ஊர்வலம், ஒடுக்கமான சந்தில், தமட்டை மேளச் சத்தம் ஒரேயடியாகப் பக்கத்தில் கிளம்பியது. மிளகு நடுங்கிச் சிறுநீர் விட்டுவிட்டாள். அதற்கப்புறம் அந்தச் சந்து மட்டுமில்லை, மேளம் வைத்த எந்த வண்டியைப் பார்த்தாலும் பின்வாங்கினாள். வளரிளம் வயதில் இப்படி ஒரு பயக் கட்டம் வருவது தெரிந்த விஷயம்தான். அந்த நேரத்தில் "பழகிவிடும்" என்று உள்ளே இழுத்துப் போவதைவிடக் கெடுதல் வேறில்லை. செப்டம்பர் 8 சிவாஜிநகர் மாதா திருவிழாக் கூட்டத்தின் ஓரத்தில் அவளைக் கொஞ்ச நேரம் நிற்க வைப்பது திட்டத்தில் இருந்தது. காவி உடுத்தி வரும் ஜனத்தில் நிறையப் பேர் நம் தமிழர்கள், ஆன்ட்டிக்கு ரொம்ப ஆசை. தூக்கிப் போட்டோம். புது இடம் எதுவும் இல்லாமல் கொஞ்ச காலம், அதன்பின் போனில் மெல்லிய மேளச் சத்தத்தோடு சாப்பாடு, வாரா வாரம் கொஞ்சம் கூட்டி. தீபாவளி வரும்போது ஜன்னலைச் சாத்தி, ஃபேனைப் போட்டு, அங்கிள் காலடியில் தூங்கிவிட்டாள். தமட்டைப் பயம் முழுதாகப் போகவில்லை. இன்றைக்கும் கேட்டால் காது பின்னால் போகும், ஆனால் வேலையை விடமாட்டாள்.

கைமாற்றம்

ஒரு வயதுக்கு மேல் எடுத்த எக்ஸ்ரேயில் இடுப்பும் முழங்கையும் சரியாக இருந்தன. அல்சூர் அடுக்ககத்தில் சங்கம் ஒரு தடை போட்டது: நாயை லிஃப்டில் ஏற்றக் கூடாது. வீல்சேரில் இருப்பவர் நாயோடு மூன்றாவது மாடிக்குப் படியில் எப்படிப் போவார் என்று அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. இந்திய விலங்கு நல வாரியத்தின் 2015 சுற்றறிக்கை, குடியிருப்போர் சங்கங்கள் செல்லப்பிராணிகளைத் தடை செய்யவோ லிஃப்டை மறுக்கவோ கூடாது என்கிறது. அதன் நகலைச் செயலாளர் கையில் கொடுத்தபின் பேச்சு மரியாதையாக மாறியது.

முதல் இரண்டு வாரம் தினமும் போனேன். சாப்பாடு முழுவதும் அக்கா கையிலிருந்து மட்டும். அங்கிளும் ஆன்ட்டியும் சில வாரம் வரக்கூடாது என்று ஏற்பாடு. ஆன்ட்டி தெருமுனை வரை வந்துவிட்டு ஆட்டோவைத் திருப்பிய சேதியை அங்கிள்தான் பிற்பாடு சொன்னார். மிளகு முதல் வாரம் அரைச் சாப்பாடுதான் சாப்பிட்டாள், "எடு" என்றால் எடுத்து வாசல் கதவிடம் கொண்டுபோய் வைத்தாள். மூன்றாவது வாரத்தில் அக்கா பேனாவைத் தவறவிட, சொல்லுக்குக் காத்து நின்று, எடுத்து, மடிக்கு நேரே நீட்டினாள். அன்றைக்கு அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார்.

அடுத்த பிரச்சினை அம்மா கொடுத்த தயிர் சாதம். இருபத்தேழு கிலோ இருந்தவள் நாலு மாதத்தில் முப்பத்தொன்று ஆனாள். லாப்ரடார் சாப்பாட்டு ராமன் என்பது ஊருக்கே தெரியும், காரணம் மரபணுவில் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்டது: பசி அடங்கும் சமிக்ஞையைக் குறைக்கும் ஒரு மரபணு மாற்றம் பொதுவாக நாலில் ஒரு லாப்ரடாருக்கு உண்டு, அவர்கள் சோதித்த உதவி நாய்களிலோ 76 சதவீதத்துக்கு. தீனிக்காக எதையும் கற்றுக்கொள்ளும் குணமும் கொழுக்கும் குணமும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன போல. அம்மாவிடம் கொடுக்காதீர்கள் என்று சொல்லிப் பயனில்லை என்று எனக்குப் பட்டது. அன்றாடத் தீனியில் ஒரு கிண்ணம் அளந்து அவர் பங்கு என்று கொடுத்துவிட்டோம். எப்போது வேண்டுமானாலும், எத்தனை தடவை வேண்டுமானாலும், ஆனால் அந்தக் கிண்ணத்திலிருந்து. எடை திரும்ப இறங்கியது. வெங்காயம் போட்ட சாம்பார், திராட்சை போட்ட பாயசம் இரண்டும் நாய்க்கு விஷம் என்பதை ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

இப்போதைய நிலை

மிளகுக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது. விழுந்ததை எடுப்பதில் குறையில்லை. வாசல் கதவையும் முயன்று பார்த்தோம், தோல்வி: தானாக மூடும் கனத்த கதவு, வெளியே இரும்பு கிரில் வேறு, கைவிட்டோம். ஓட்டல், மால் எதற்கும் அழைத்துப் போவதில்லை. ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை வரை மாலையில் போய் வருகிறார்கள். அக்கா தனியாக வெளியே போவது விபத்துக்குப் பிறகு இதுதான் முதல்முறை. இதை நாங்கள் எந்தப் பட்டியலிலும் எழுதவில்லை.

போன் வேலைக்கு ஒரே ஒரு நிஜப் பரீட்சை வந்தது. அக்கா கட்டிலருகே சறுக்கி விழுந்து "போன்" என்றார். போன் வழக்கமாகத் தொங்கும் கொக்கியில் அது இல்லை. அம்மா அதை எடுத்துச் சமையலறையில் சார்ஜில் போட்டுவிட்டுக் கடைக்குப் போயிருந்தார். மிளகு கொக்கியைப் பார்த்தாள், சுற்றிப் பார்த்தாள், கடைசியில் மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினாள். கடை பக்கம்தான், அம்மா கால் மணி நேரத்தில் திரும்பிவிட்டார். இப்போது பழைய பட்டன் போன் ஒன்று அந்தக் கொக்கிக்கே சொந்தம். ஞாயிற்றுக்கிழமை அக்கா சார்ஜ் போடுவார், வேறு யாரும் தொடுவதில்லை.

அடுத்த வேலை பயணம். அக்கா பரிசோதனைக்கு வருடா வருடம் வேலூர் போகிறார். ரயிலில் நாய் நம்மோடு வர வேண்டுமென்றால் முதல் வகுப்பு ஏசியில் கூபே முழுவதையும் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் கூண்டு. வேலை செய்யும் நாயைக் கார்டு பெட்டியில் போட்டால் அர்த்தமே இல்லை. அதனால் அங்கிள் காரில். பின்சீட்டில் பல மணி நேரம் படுத்து வர அவளைப் பழக்கிக்கொண்டிருக்கிறோம். ஹோசூர் வரை போய் வந்துவிட்டார்கள். அடுத்த ஞாயிறு கிருஷ்ணகிரி.